ஸ்டேப்ளர் கேட்டு வரும் பிள்ளைகள்

மூன்று வாரமாக என் மகன் வகுப்புக்கு வரவில்லை என்று கல்லூரியிலிருந்து போன் வந்தது. அடித்துப் பிடித்து எண்ணூரில் இருக்கும் கல்லூரிக்குப் போனேன். மாணவர் ஆலோசனை அறை வாசலில் நரைத்த தலையும் நீலக் கோட்டுமாக உதவியாளர் அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறையின் பெயர்ப்பலகை மேல் காலண்டரை மாட்டி வைத்திருந்தார். மகன் பெயரைச் சொல்லி, இதுதான் ஆலோசனை அறையா என்று கேட்டேன்.

“போர்டைப் பாத்தா எந்தப் புள்ளயும் வராதுமா. ஸ்டேப்ளர் கேக்குற சாக்குல வரும், அப்டியே உள்ள போய் மேடத்தாண்ட பேசும். உன் புள்ளயும் டெய்லி வந்துகினுதான் கீது.”

எனக்கு உயிர் வந்தது. “என்ன பேசுறான்?”

“அத்த நான் கேக்க மாட்டேன். வூட்ல நீ இன்னா கேப்ப?”

“சாப்பிட்டியான்னு கேப்பேன்.”

அவர் தண்ணீர் கொடுத்தார்.

திருவொற்றியூரில் வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் வேறொரு கேள்வியைத் தேடினேன். மாலையில் மகன் வந்ததும் “சாப்பிட்டியா?” என்றுதான் கேட்டேன். “ம்” என்று அறைக்குள் போய்விட்டான். அந்த அம்மாவாக இருந்தால் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்.