டேங்கர் நிறுத்திய மாத்திரை

என் தம்பி பஸ் டிரைவர். டிப்போவில் எல்லாருக்கும் அவன் டேங்கர். தொப்பை ஸ்டியரிங்கில் இடிக்க ஆரம்பித்ததும் மேனேஜர் கூப்பிட்டு, எடையைக் குறை, இல்லாவிட்டால் சீட்டை விட்டு இறங்கு என்று சொல்லிவிட்டார். அந்த சீட் அவனுக்கு உயிர். அதற்காகத்தான் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனுக்கே சம்மதித்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் அவனைக் குறை சொல்ல நாக்கு கூசும். முதலில் முட்டையோ பருப்போ, பிறகுதான் மற்றது. கூழாகும்வரை மெல்லுவான். நடுவில் தண்ணீரைத் தொடமாட்டான். சட்டியோடு வழித்துச் சாப்பிட்டவன் சின்னக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது. ஆனால் சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. "டேங்கர் சைக்கிளாயிட்டான்டா!" என்று டிப்போவே சிரித்தது. அவனுக்கும் ஒரே பெருமை.

சுருக்கிய வயிற்றில் சத்து சரியாகச் சேராதாம். ஆயுசு முழுக்க விட்டமின் மாத்திரை, வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நம்ம துரையோ அது இரண்டையும் மட்டும் நிறுத்திவிட்டான்!

"நல்லா ஓடுற வண்டிய எதுக்குக்கா ஷெட்டுல விடணும்?"

"வாய மூடுடா! நீ மனுஷனா, வண்டியா?"

என் கத்தலை அவன் என்றைக்குக் காதில் வாங்கினான்?

பாதம் மரத்துப்போனதை என்னிடம்கூட மறைத்தான். சொன்னால் சீட் போய்விடுமே. ஒருநாள் சிக்னலில், பிரேக்கை மிதித்தோமா இல்லையா என்றே அவனுக்குத் தெரியவில்லை. பஸ் முன்னால் நின்ற காரில் இடித்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. இன்ஜினை அணைத்து, சாவியைக் கண்டக்டர் கையில் கொடுத்தான்.

"இனிமே நான் ஓட்டக் கூடாது" என்றானாம்.

விட்டமின் குறைந்து கால் நரம்பு கெட்டிருந்தது. ஊசி போட்டார்கள். "இதுக்கு மேல மோசமாகாம பாத்துக்கலாம். போனது முழுசா திரும்புமான்னு சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். யாரைத் திட்டுவது?

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் இவன் முழங்காலும் அசைந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இறங்கியதும் எனக்கு முன்னால் நடந்தான். டிக்கெட் கவுன்ட்டரில் வேலை தருவதாக மேனேஜர் சொன்னதைப் பற்றிப் பேசிக்கொண்டே போனான். வெயிலில் தார் ரோடு கொதித்தது. அப்போதுதான் பார்த்தேன், அவன் வலது காலில் செருப்பில்லை. பஸ்ஸிலேயே கழன்றிருக்கிறது. அது தெரியாமல் அவன் பேசிக்கொண்டே நடந்தான்.