குதிக்காதே என்றால் கேட்டால்தானே

எங்கள் கம்பெனி பாஸ்கெட்பால் அணியின் நெட்டையன் பந்தைத் தட்டிவிடும்போதெல்லாம் கேன்டீன் பக்கமிருந்து ஒரு விசில் கிளம்பும் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதிராளி கூடையைப் பார்த்துப் பந்தை எறிகிறான். இவன் பனைமர உயரத்துக்கு எழும்பி அதை ஒரே அறையாக அறைந்து பஸ் நிறுத்துமிடம் வரைக்கும் அனுப்பிவிடுகிறான். உடனே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் டீ டம்ளரோடு ஓடிவருவார்.

“இன்னாக்கா, பாத்தியா? இன்னா தட்டு தட்னான்! பந்து பஸ்ஸாண்ட போய்க்கீது!”

பந்து கோட்டைத் தாண்டிப் போனால் திரும்பவும் எதிராளி கையில்தான் கொடுப்பார்கள், இதில் நமக்கு என்ன லாபம் என்று கேட்டேன். “உனுக்கு எதுலதான்க்கா சந்தோசம்?” என்று சலித்துக்கொண்டு போனார்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில், தர ஆய்வுப் பிரிவில் எனக்கு வேலை. சொந்த ஊர் வல்லம் வடகால் பக்கம். கல்லூரியில் பாஸ்கெட்பால் ஆடியிருக்கிறேன். உயரம் போதாது, அதனால் காலை எங்கே வைப்பது, எங்கே நிற்பது என்று யோசித்து யோசித்தே ஆட வேண்டியிருந்தது. இது எப்படியோ எங்கள் எச்.ஆர். அதிகாரியின் காதுக்குப் போய், ஆண்கள் அணிக்கு நான்தான் கோச் என்று ஆகிவிட்டது. முதல் ஷிஃப்ட் முடிந்ததும் ஆரம்பிப்போம். ஓவர்டைம் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற பஸ் ஹாரன் அடித்தால் பயிற்சி முடிந்தது என்று அர்த்தம்.

அந்த நெட்டையன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவன். உயரத்துக்காகவே கான்ட்ராக்டில் எடுத்திருந்தார்கள். பஸ்ஸில் முழங்காலை மடக்க இடமில்லாமல் நடைபாதையில் நீட்டிக்கொண்டு உட்காருவான், ஏறுகிறவர்கள் எல்லாம் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்த வருடம் விளையாட்டுக்காரர்களில் ஒரே ஒரு ஆளைப் பர்மனென்ட் செய்வதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. கிடைத்தால் வேலை நிலைக்கும். கிடைக்காவிட்டால் கான்ட்ராக்ட் முடிந்ததும் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறவேண்டியதுதான். இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

கேன்டீன் வாசலில் ஒரு போர்டு உண்டு. அன்றைய உற்பத்தி, கழிவு, விபத்தில்லாத நாட்கள் எல்லாம் அதில் ஏறும். எச்.ஆர். அதிகாரி அதன் ஓரத்தில் எங்கள் அணிக்கும் கட்டம் போட்டார். யார் எத்தனை கூடை போட்டார்கள், தவறி வந்த பந்தை யார் பிடித்தார்கள், யார் எத்தனை பந்தைத் தட்டினார்கள் என்று பச்சை மார்க்கரில் எழுதுவார்கள். ஆட்டத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட சாம்பார் சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போர்டைப் பார்த்து விமரிசனம் செய்தார்கள்.

ஒருநாள் அதிகாரியிடமே கேட்டுவிட்டேன். “சார், எங்க செக்‌ஷன்ல ரிஜெக்ட் புடிக்கிற ஆளுக்குக் கணக்கு இருக்குது. ரிஜெக்டே வராம மெஷின் ஓட்டற ஆளுக்கு எங்க சார் கணக்கு? அதே கதைதான் இதுவும். எதிராளி கிட்டவே வராம பாத்துக்கறதுதான் சார் டிஃபென்ஸ்.”

அவர் மார்க்கரை மூடிக்கொண்டே, “வந்ததை எண்ணலாம் மேடம். வராததை எப்படி எண்றது?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.

சரி, பையனையாவது திருத்தலாம் என்று பார்த்தேன். கூடைக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நில், அது போதும், உன் உயரத்துக்கு எவனும் உள்ளே வரமாட்டான் என்று கரடியாய்க் கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். எவன் தோளை அசைத்தாலும் இவன் கிளம்பிவிடுவான்.

“குதிக்காதேன்னு எத்தினி வாட்டிடா சொல்றது? நீ மேல போற, அவன் உன் கைக்குக் கீழ பூந்து போறான்.”

“ஒண்ணு ரெண்டு போகத்தான்க்கா செய்யும்.”

“போனா நமக்குத்தானடா நஷ்டம்?”

“போனதுக்கு போர்டுல கட்டம் இல்லல்லாக்கா” என்றான். கிண்டலே இல்லை அந்தக் குரலில். “தட்டுனாத்தான ஏறுது. சும்மா நிக்கதுக்கு யாருக்கா மார்க்கு போடுதா?”

பஸ் ஹாரன் அடித்தது. நல்லவேளை, இல்லாவிட்டால் கையிலிருந்த பந்தை அவன் மேலேயே எறிந்திருப்பேன்.

கம்பெனிகளுக்கு இடையிலான போட்டியில் எப்படியோ இறுதி ஆட்டம் வரைக்கும் போய்விட்டோம். எதிரணி ஒரு கண்ணாடிக் கம்பெனி. அவர்களிடம் குட்டையாய் ஒருவன் இருந்தான். பந்தைத் தூக்குவான், எறியமாட்டான். நம் ஆள் எழும்பியதும் குனிந்து உள்ளே போய்விடுவான். ஆட்டம் முழுக்க அதே ஏமாற்று, ஆட்டம் முழுக்க இவன் அதே ஏமாளி. நடுவில் சில பந்துகளைத் தட்டியும் விட்டான், விசில் காதைக் கிழித்தது. நான் மட்டும் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

முடிய சில நொடி இருக்கும்போது ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். குட்டையன் பந்தோடு வந்தான். “குதிக்காதே!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். குட்டையன் பந்தைத் தூக்கினான். இவன் குதித்தான். இவன் இறங்கி வருவதற்குள் அவன் கோயில் உண்டியலில் காசு போடுகிறவனைப்போல நிதானமாகப் பந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டுப் போனான். தோற்றோம்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பரிசளிப்பில், போட்டியின் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்று இவன் பெயரைக் கூப்பிட்டார்கள்! அதிகப் பந்துகளைத் தட்டியவன் இவன்தானாம். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியது அந்தக் குட்டையன்தான். அவனுக்குத் தெரியாதா இவனுடைய தடுப்பு?

கொஞ்ச நாள் கழித்து எச்.ஆர். அதிகாரி கூப்பிட்டார். “போர்டைப் பார்த்தா பர்மனென்டுக்கு இவன்தான் மேடம். இருந்தாலும் நீங்க கோச், ஒரு வார்த்தை சொல்லுங்க. டிஃபென்ஸ் நல்லாத்தானே பண்றான்?”

ஒரு வருடமாய் வாயில் வைத்துக்கொண்டிருந்த வசவெல்லாம் தயாராக இருந்தது. ஆனால் பஸ்ஸில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முழங்கால் ஞாபகம் வந்து தொலைத்தது. நான் சொன்ன ஆட்டத்தைத்தான் அவன் ஆடவில்லை. ஆபீஸ் வைத்த ஆட்டத்தை ஒழுங்காகத்தான் ஆடியிருக்கிறான். “நல்லா பண்றான் சார்” என்றேன். இதைச் சொன்னது என் வாய்தானா என்று எனக்கே ஆத்திரமாக இருந்தது.

பர்மனென்ட் ஆர்டர் வந்த வாரமே வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, விபூதியும் பஞ்சாமிர்தமுமாய் என் மேஜைக்கு வந்தான்.

“கப்புதான் போச்சே, எதுக்குடா மொட்டை?”

“கப்புக்கு எங்கக்கா வேண்டுனேன்? ஆர்டருக்குல்லா வேண்டுனேன்.”

பஞ்சாமிர்தத்தைக் கோபத்தோடேயே தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வருடப் போட்டி வந்தது. முதல் ஆட்டத்திலேயே நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். அவன் குதிக்கவில்லை. கூடைக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, எதிராளி நகரும் பக்கம் தானும் ஓரடி நகர்ந்து, நின்றான். அவ்வளவுதான். இறுதி ஆட்டத்தில் அதே குட்டையன் வந்தான். பந்தைத் தூக்கிக் காட்டினான், தோளை ஆட்டிப் பார்த்தான். இவன் அசையவில்லை. குட்டையன் வந்த வழியே திரும்பிப் போய் தூரத்திலிருந்து எறிந்தான், பந்து வளையத்தில் மோதித் திரும்பியது. ஆட்டம் முழுக்க இதேதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை அழகாய் நின்றான் பாவி.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் கொட்டாவி விட்டார். “இன்னாக்கா, உன் ஆளுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா? சும்மா நின்னுகினே கீறான்.”

சுலபமாக ஜெயித்தோம். மறுவாரம் போர்டில் அவன் கட்டங்களில் பச்சையே இல்லை என்று சொல்லலாம். எச்.ஆர். அதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“பாத்தீங்களா மேடம்? ஆர்டர் கைக்கு வந்ததும் வேலையை நிறுத்திட்டான். பர்மனென்ட் ஆனா எல்லாரும் இப்படித்தான். நீங்கதானே நல்லா பண்றான்னு சொன்னீங்க?”

“சார், கப்பு உங்க டேபிள் மேலதானே இருக்குது!”

“அது டீம் ஜெயிச்சது மேடம். நான் இவனைப் பத்தி கேக்கறேன்.”

மேற்கொண்டு பேசியிருந்தால் என் வேலையே போயிருக்கும். வெளியே வந்து, வந்த கோபத்தையெல்லாம் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன். முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலையில் முடி முழுசாக வளர்ந்துவிட்டிருந்தது.

“ஏன்டா, இவ்ளோ நல்லா நிக்கத் தெரியுது இல்ல? இத போன வருஷமே பண்ணியிருந்தா இன்னாடா?”

“போன வருசம் நின்னுருந்தேன்னா, இந்த வருசம் ஊர்லல்லாக்கா கெடந்திருப்பேன்” என்றான். “இப்பதான் ஆர்டர் இருக்கே. இனிமே நீங்க சொன்னபடி ஆடலாம்லா.”

டிரைவர் ஹாரன் அடித்தார். அவன் முழங்காலைத் தாண்டிப் போய் என் சீட்டில் உட்கார்ந்தேன்.