கீறல் விழாத கண்ணாடி

விடுதியிலிருந்து வந்த மூட்டையைப் பிரித்து, சட்டைகளில் தண்ணீர் தெளித்துச் சுருட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள் இஸ்திரிக்காரி. இருபத்திரண்டு வருடமாக இதே மேஜை, இதே ஜன்னலோர வெளிச்சம். முதலில் காலர், அப்புறம் தோள், கை, கடைசியில்தான் முன்பக்கம். வரிசை மாறினால் சட்டை பேச்சுக் கேட்காது என்பாள்.

இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுக்குமுன் தலையணை உறை ஒன்றை நாலாக மடித்து, அதன்மேல் ஃபோனை முகம் கவிழ்த்து வைத்தாள். கண்ணாடியில் கீறல் விழுந்துவிடக் கூடாதே என்ற பயம். அது ஆணியால் இழுத்தாலும் கோடு விழாத நீலக்கல் கண்ணாடி என்பது அவளுக்குத் தெரியாது. கவிழ்த்து வைத்தால் அந்த ஃபோன் வாயை மூடிக்கொள்ளும் என்பதும் தெரியாது.

அவள் புருஷன் பதினெட்டு வருடம் ஒரே முதலாளிக்குக் கார் ஓட்டியவர். இரண்டு கருவிழியும் வெளுத்து, சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ஒரே மங்கலாகிப்போன அன்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார். முதலாளி தன் ஃபோனைத் துடைத்து அவர் கையில் வைத்தார். ஓரமெல்லாம் தங்கப் பூண், முதுகில் கன்றுத்தோல், பக்கவாட்டில் சிவப்புக்கல் பதித்த பொத்தான். அதை அழுத்தினால் எங்கிருந்தோ ஒரு ஆள் பேசி, விமானச் சீட்டோ பூங்கொத்தோ ஏற்பாடு செய்வாராம்.

நாத்தனார் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். "அண்ணி, இதுக்குத் தனியா ஒரு மெத்தை வாங்கிடுங்க. நம்ம வீட்டு மேஜையில எல்லாம் படுக்காது."

கிண்டலில் பிழையில்லை. மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடும். ஐந்து நிமிடம் பேசினால் காது சுடும். மணியோ, பக்கத்து வீட்டில் யாரோ பிடில் பழகுவதுபோல் மெல்லக் கேட்கும். பழைய ஃபோன் அலறினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதை நாத்தனாருக்கே கொடுத்தாயிற்று.

கண் ஆஸ்பத்திரிப் படிவத்தில் இன்னொரு ஃபோன் எண்ணும் கேட்டிருந்தார்கள். "இது இருக்கறப்ப வேற எதுக்கு?" என்று இரண்டு கட்டத்திலும் இதே எண்ணை எழுதச் சொன்னார் புருஷன். தானமாகக் கண் கிடைத்தால் கூப்பிடுவார்கள். இரண்டு மணி நேரத்தில் போய்ப் படுக்க வேண்டும். ஃபோனை எடுக்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். காத்திருந்து பதினான்கு மாதமாகிறது.

கடைசிச் சட்டையை மடித்துவிட்டு, பன்னிரண்டரைக்கு ஃபோனை நிமிர்த்தினாள். ஏழு தடவை யாரோ கூப்பிட்டிருந்தார்கள். ஏழும் ஒரே எண்.

அவசரத்தில் விரல் சிவப்புக்கல்லில் பட்டுவிட்டது. உங்கள் சேவைக்காலம் முடிந்துவிட்டது, நன்றி என்றது ஒரு குரல். அதை வெட்டிவிட்டு ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டாள்.

"ஒன்பதே முக்கால்ல இருந்து கூப்பிட்டோம்மா," என்றாள் நர்ஸ்.

"இதோ வந்துடறோம்மா. வண்டி வாசல்லயே நிக்குது." வாசலில் வண்டி எதுவும் இல்லை.

"வேற ஆளை உள்ள கூட்டிட்டுப் போயாச்சும்மா."

"ரெண்டு கண்ணு இருக்குமே. இன்னொண்ணு?"

"அதுவும் இன்னொருத்தருக்குப் போயிடுச்சு."

"அடுத்தது எப்பம்மா வரும்?"

"அதை எப்படிச் சொல்றது? ஃபோனை மட்டும் பக்கத்துலயே வெச்சுக்கோங்க."

உள்ளறையிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டு புருஷன் வந்து மேஜையோரம் உட்கார்ந்தார். "ஆஸ்பத்திரியா?"

"ஏழு தடவை கூப்பிட்டிருக்காங்க. எனக்குக் கேக்கவே இல்லைங்க. இங்கதான் இருந்துச்சு, கைக்கெட்டுற தூரத்துல."

"உள்ள எனக்கும்தான் கேக்கல. எப்படி வெச்சிருந்தே?"

"கண்ணாடி கீறிடுமேன்னு துணி மேல கவிழ்த்து வெச்சேன்."

அவர் மேஜைமேல் தடவி, மடித்த உறையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "கவிழ்த்தா அது சத்தம் போடாது," என்றார். "முதலாளி மீட்டிங்ல எல்லாம் அப்படித்தான் வெப்பாரு. நான் பாத்திருக்கேன்."

அவள் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். பெட்டியின் சூடு இன்னும் விரிப்பில் இருந்தது.

"நான் தினமும் உங்க கண்ணு முன்னாடி அப்படித்தானே வெக்கறேன். இதை ஏங்க எங்கிட்ட சொல்லல?"

அவர் எழுந்தார். நாற்காலியின் முதுகு, அலமாரியின் ஓரம், கதவு நிலை என்று ஒவ்வொன்றாகக் கையால் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.