சுகந்திக்கு வந்த இரண்டாவது கடிதம்

1. டிராயர்

என் மேஜையின் இரண்டாவது டிராயரில் ஒரு கடிதம் எட்டு நாள் கிடந்தது. அது எனக்கு வந்த கடிதமல்ல. சுகந்தி என்ற பெண்ணுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு புரொஃபசர் எழுதியது. அதை உரியவரிடம் சேர்ப்பதுதான் என் வேலை. சேர்க்காமல் வைத்திருந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்காக எழுதுகிறேன் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. இன்ஜினியரிங் முடித்தவர்களை அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்க அனுப்புவது தொழில். ஓனர் வேணுகோபால் சார். முன்பு காலேஜில் பாடம் நடத்தியவர். நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ், டைப்பிங் ஹையர். சேர்ந்த முதல் நாள் அவர் எனக்கு ஒரு அட்லஸும், தலையணை கனத்தில் ஒரு யுனிவர்சிட்டி புத்தகமும் கொடுத்தார்.

"மேப்ல எங்க இருக்குதுன்னு தெரியாம எந்த யுனிவர்சிட்டி பேரையும் வாயில எடுக்காதீங்க" என்றார். "பேரண்ட்ஸ் மொதல்ல அதத்தான் கேப்பாங்க."

அன்று மாலையே பம்ப் ஃபவுண்டரி வைத்திருந்த ஒருவர் மகனோடு வந்தார். "குளிரு கம்மியா இருக்கற காலேஜ் ஏதுங்க?" என்று கேட்டார். நான் மேப்பில் கீழ்ப்பக்கம் விரலை வைத்தேன். அவர் திருப்தியாகக் கிளம்பினார். நான் அமெரிக்கா போனதில்லை. இன்றுவரை போகவில்லை. அதை யாரும் கேட்டதுமில்லை.

அப்போது எல்லாம் தபால்தான். அப்ளிகேஷனைத் தபாலில் கேட்டு வாங்கி, டைப் செய்து, ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ், மூன்று ரெக்கமண்டேஷன் லெட்டர், டிரான்ஸ்கிரிப்ட் எல்லாம் சேர்த்து அனுப்பினால் நான்கு மாதம் கழித்துப் பதில் வரும். கிராமத்துப் பிள்ளைகள் எங்கள் ஆபீஸ் முகவரியையே கொடுப்பார்கள். கவரைப் பிரித்து, படித்து, அவர்களைக் கூப்பிட்டுச் சொல்வது என் பொறுப்பு.

2. கொப்பரை

சுகந்தி மெக்கானிக்கல் கடைசி வருடம். அப்பா சின்னச்சாமிக்குப் பொள்ளாச்சி தாண்டி ஆனைமலை போகிற வழியில் தென்னந்தோப்பும் கொப்பரைக் களமும். மற்ற பிள்ளைகள் வந்தால் "டாப் டென்ல எது கெடைக்கும் மேடம்" என்று கேட்பார்கள். இவள் ஒரு ஜெராக்ஸ் பேப்பரோடு வந்தாள். வேளாண்மைக் கல்லூரி லைப்ரரியில் ஏதோ ஜர்னலில் எடுத்தது. தானியம் உலர்த்துவது பற்றி ஒரு புரொஃபசர் எழுதிய கட்டுரை.

"இவர்கிட்ட படிக்கோணும் மேடம்."

புத்தகத்தில் அந்த யுனிவர்சிட்டியைத் தேடினேன். நாட்டின் நட்ட நடுவில், மக்காச்சோளம் விளைகிற ஒரு மாநிலத்தில் இருந்தது. எங்கள் லிஸ்டில் அதற்கு இடமே இல்லை.

"எதுக்கு கண்ணு இது?" என்றேன்.

"ஆனி, ஆடியில பாலக்காட்டுப் பக்கமிருந்து சாரல் வருமுங்க. களத்துல காயற கொப்பரை அப்படியே பூஞ்சை புடிச்சுப்போகும். அம்மா தார்ப்பாய இழுத்து மூடறதும் தொறக்கறதுமா இருப்பாங்க. இவரு அதுக்குத்தான் மெஷின் பண்றாருங்க. கொப்பரைக்கு இல்ல, சோளத்துக்கு."

டைப் செய்து கொடுத்தேன். கூடவே எங்கள் லிஸ்டிலிருந்து நான்கு பெரிய பெயர்களுக்கும் போட வைத்தேன்.

மார்ச்சில் அதில் ஒரு பெரிய பெயர் கிடைத்துவிட்டது. பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் தெரியும், அதனால் சொல்லவில்லை. உதவித்தொகை எதுவும் கிடையாது, முழு ஃபீஸும் கட்ட வேண்டும். ஆனால் அவளுடைய தாய்மாமன் அங்கிருந்து அரைமணி தூரத்தில் குடியிருந்தார். சின்னச்சாமி மறுநாளே ஆபீசுக்கு வந்து, தோப்பில் ஒரு பாகத்தை விற்கப் பேசிவிட்டதாகச் சொன்னார். "புள்ளைகிட்டச் சொல்லாதீங்க அம்மணி" என்றார். நான் சொல்லவில்லை.

வேணுகோபால் சார் சுகந்தியின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை வாங்கி வைத்துக்கொண்டார். வருடா வருடம் பேப்பரில் விளம்பரம் கொடுப்போம். அந்த வருடம் பெரிய பெயர் கிடைத்தது அவளுக்கு மட்டும்தான்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, சோள மாநிலத்திலிருந்து கவர் வந்தது. அட்மிஷன், ரிசர்ச் அசிஸ்டென்ட்ஷிப். ஃபீஸ் இல்லை, மாதச் சம்பளம் உண்டு. புரொஃபசர் தன் கையாலேயே கீழே எழுதியிருந்தார்: தேங்காயைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, முடிந்தால் ஒருமுறை போன் செய்து சொல்லவும். ஏப்ரல் பதினைந்துக்குள் பதில் கேட்டிருந்தார்.

சாரிடம் கொண்டுபோனேன். படித்தார்.

"இதக் காட்டினா அந்தப் பொண்ணு கொழம்பிப்போயிரும்" என்றார். "இந்தப் பேர யாருக்குத் தெரியும்? நாளைக்கு ஊருக்கு வந்தா எங்க படிச்சேன்னு சொல்லும்? மொதல்ல அந்தப் பெரிய காலேஜுக்குக் கையெழுத்துப் போடட்டும். இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. பெரிய பெயர்தான் நல்லது என்று உண்மையாகவே நம்பினார். நானும் நம்பினேன். அதனால் டிராயரில் வைப்பது எனக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. தோப்பு ஞாபகம் வந்தபோது மட்டும் அதன்மேல் இரண்டு ஃபைலை எடுத்து வைத்தேன்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை சுகந்தியே வந்தாள்.

"மேடம், அந்த இன்னொரு காலேஜ்ல இருந்து ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"இன்னும் வரல கண்ணு" என்றேன். டிராயர் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

"சரிங்க மேடம். அவருக்கு நம்ம அப்ளிகேஷன் புடிக்கல போல. திங்கக்கிழமை மத்ததுக்கு கையெழுத்துப் போட்டு அனுப்பிப்போடறேனுங்க."

அவள் முகத்தில் அழுகை எதுவும் இல்லை. பேனா மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினாள். ஜெராக்ஸ் பேப்பரை என்னிடம் திருப்பிக் கேட்டாள். "ஃபைல்ல இருக்கட்டும்" என்றேன். "இல்லைங்க மேடம், சும்மா வெச்சுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

3. பொள்ளாச்சி பஸ்

மறுநாள் காலை லீவ் சொல்லாமல் உக்கடத்தில் பஸ் ஏறினேன். பொள்ளாச்சியில் இறங்கி டவுன் பஸ் பிடித்து, அவர்கள் ஊர் போய்ச் சேரப் பதினொரு மணி.

சின்னச்சாமி களத்தில் கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க அம்மணி, சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி அனுப்பியிருப்பனுங்களே" என்றார். வீட்டுக்குள் அழைத்துப் போனார். சுகந்தியும் அவள் அம்மாவும் வந்தார்கள். நான் கவரைக் கொடுத்தேன்.

சுகந்தி படித்தாள். ஒரு முறை படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். சின்னச்சாமிக்கு இங்கிலீஷ் வராது. அவர் கவரை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். வெளியூர் வியாபாரிகளோடு கடிதத்திலேயே கொள்முதல் பேசுகிறவர். அந்தக் காலத்தில் கவர் வந்து சேர்ந்த தேதியைத் தபாலாபீசில் பின்னால் முத்திரை குத்துவார்கள்.

"ஏனுங்க அம்மணி, கோயமுத்தூர்ல இருந்து பொள்ளாச்சிக்கு வர ஒம்பது நாளாகுதுங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. தபால் தாமதம், சார் ஊரில் இல்லை, ஏதாவது. பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"இல்லைங்க. என் டிராயர்லதான் இருந்துச்சு. நேத்து புள்ள கேட்டப்பக்கூட வரலைன்னு சொல்லிட்டேன்."

சுகந்தி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கடிதத்துக்கே திரும்பினாள். சின்னச்சாமி வெளியே போனார். திட்டுவதற்கு யாரையாவது கூட்டி வரப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு இளநீரைச் சீவிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்.

"குடிங்க. வெயில்ல வந்திருக்கறீங்க."

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அம்மாதான் முதலில் பேசினார். "எந்தம்பி ஊடு பக்கத்துல இருக்குதுன்னுதானுங்க நான் ஒத்துக்கிட்டேன். இது எங்கயோ கண்காணாத சீமையில இருக்குதாட்டம் இருக்குதே."

சுகந்தி, "போன் பண்ணச் சொல்லியிருக்காருங்கம்மா" என்றாள்.

அங்கே காலை ஒன்பது மணி ஆக இங்கே மாலை ஏழரை ஆக வேண்டும். அதுவரை இருக்கச் சொன்னார்கள். மதியம் சோறு போட்டார்கள். சாயங்காலம் நான்கு பேரும் பொள்ளாச்சி போய் ஒரு ஐ.எஸ்.டி. பூத்துக்குள் நெருக்கியடித்து நின்றோம்.

மூன்றாவது முறை லைன் கிடைத்தது. சுகந்தி பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவள் குரல் சட்டென்று நிமிர்ந்துவிட்டது. தேங்காயை உடைத்து எத்தனை நாள் காய வைப்போம், ஓடு எப்போது கழலும், எந்த மாதம் பூஞ்சை வரும் என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனாள். எங்கள் ஆபீசில் நான் ஒரு வாக்கியம் கேட்டால் அரை வாக்கியம் பேசுகிற பெண்.

நடுவில் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, "அப்பா, கொப்பரை காஞ்சிருச்சுன்னு நீங்க எப்படீங்க கண்டுபுடிப்பீங்க? அவரு கேக்கறாரு" என்றாள்.

சின்னச்சாமி கொஞ்சம் யோசித்தார். "ஒடிச்சுப் பாத்தா சத்தம் வரோணும். ஈரமிருந்தா சும்மா வளையும்."

அவள் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு நீண்ட பதில். அவள் சிரித்துவிட்டாள்.

"அவிய ஊருல சோளத்தைப் பல்லுல கடிச்சுப் பாப்பாங்களாமுங்க. மெஷின்லாம் வெச்சிருந்தாலும் இவரு அப்பா கடைசி வரைக்கும் கடிச்சுத்தான் பாத்தாராம்."

"அப்ப தோட்டங்காட்டுக்காரருதான்" என்றார் சின்னச்சாமி.

அம்மா சுகந்தியின் தோளைத் தொட்டு, "குடும்பம் இருக்குதான்னு கேளு" என்றார். அவள் கூச்சத்தோடு கேட்டாள். மனைவியும் மூன்று பெண்களும் இருக்கிறார்கள், புதிதாக வருகிறவர்கள் ரூம் கிடைக்கும்வரை தங்கள் வீட்டில்தான் தங்குவார்கள் என்று பதில் வந்தது.

வெளியே வந்ததும் சின்னச்சாமி கேட்டார். "கண்ணு, பெரிய காலேஜ்லயும் இப்படிப் பேசறதுக்கு ஒருத்தர் இருக்கறாரா?"

"தெரியலீங்கப்பா. அங்கிருந்து வந்தது அச்சடிச்ச லெட்டருங்க."

"உனக்கு எது?"

"இதுங்கப்பா."

அம்மா அப்போதும் சம்மதிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தவர், நான் கோயமுத்தூர் பஸ் ஏறும்போது ஜன்னலுக்குக் கீழே நின்று, "அங்க பனி எவ்வளவு உசரம் கொட்டுமுங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அந்த ஆபீசில் சேர்ந்த பிறகு அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

4. பிறகு

சனிக்கிழமை சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் உங்ககிட்ட வெச்சிருக்கத்தானே சொன்னேன். கிழிச்சுப் போடவா சொன்னேன்?" என்றார். பிறகு, "இனிமே நீங்க கவுன்சலிங் பண்ண வேண்டாம். ஃபார்ம் மட்டும் ஃபில் பண்ணுங்க" என்றார். ஆபீசில் நாங்கள் இரண்டே பேர். அவர் பாதி நாள் வெளியே இருப்பார். திங்கட்கிழமையிலிருந்து வழக்கம்போல நான்தான் கவுன்சலிங் செய்தேன். சுகந்தி சோள மாநிலத்துக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்; அந்த வருட விளம்பரத்தில் போட்டோ இல்லை.

மெட்ராசில் விசா ஆபீசர், இந்த யுனிவர்சிட்டியை ஏன் எடுத்தாய் என்று சுகந்தியிடம் கேட்டாராம். அவள் கொப்பரையில் தொடங்கியிருக்கிறாள். போதும் என்று கையைக் காட்டிப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்; விசா கிடைத்தது என்று அர்த்தம்.

டிசம்பரில் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். லேப் என்பது மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். முதல் இரண்டு மாதம் தினமும் அழுதாளாம். சோறு வடிக்க நல்ல அரிசி கிடைக்கவில்லை. மாமன் கோபத்தில் போனே செய்யவில்லை. புரொஃபசர் நல்லவர், ஆனால் ஒரு ரிப்போர்ட்டை ஏழு முறை திருப்பி எழுத வைத்தார். கடைசி வரியில், பனி இடுப்பு வரைக்கும் இருக்கிறது, அம்மாவிடம் முழங்கால் என்று சொல்லியிருக்கிறேன், நீங்களும் அப்படியே சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். நான் அந்த டிராயரைப் பற்றி மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினேன். அடுத்த கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. உலர்த்தி ஒன்றின் படத்தைப் பென்சிலில் வரைந்து அனுப்பியிருந்தாள்.

அவள் எம்.எஸ். முடித்து, அங்கேயே பி.எச்டி.யும் முடித்தாள். தோப்பை அவர்கள் விற்கவில்லை. இதை வைத்துச் சின்ன யுனிவர்சிட்டிதான் நல்லது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். அடுத்த வருடம் அதே பெரிய பெயருக்கு நான் அனுப்பிய ஒரு பையனும் நன்றாகத்தான் இருக்கிறான். நான் தெரிந்துகொண்டது அதுவல்ல.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். வந்த கடிதத்தை வந்த அன்றே கொடுங்கள். ஒருவர் என்ன செய்ய ஆசைப்படுகிறார் என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறங்கள். பாதிப்பேரிடம் பதில் இருக்காது. அவர்களுக்கு லிஸ்டைப் படித்துக் காட்டலாம், அதுவும் வேலைதான்.

நான் ரிட்டயராவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு அப்பாவும் மகளும் இரண்டு அட்மிஷன் லெட்டரோடு வந்தார்கள். "நீங்களே ஒண்ணச் சொல்லிப்போடுங்க மேடம், உங்களுக்குத் தெரியாததுங்களா" என்றார் அப்பா. இரண்டையும் அந்தப் பெண்ணின் முன்னால் வைத்துவிட்டு, கீழே போய் நிதானமாக டீ குடித்தேன். திரும்பி வந்தபோது முடிவு செய்திருந்தார்கள். நானாக இருந்தால் மற்றதைத்தான் எடுத்திருப்பேன்.

உட்கார்ந்து ஃபார்மை நிரப்பினேன்.