ஃபிரிட்ஜ் பிடித்த சுருதி

என் அக்காவைப் பற்றி எழுதுவதென்றால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவளைக் கேட்டால் வயலினிலிருந்து தொடங்கச் சொல்வாள். ஆனால் அந்த ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுப்பவள் நான். எங்கே தொடங்குவது என்பது என் இஷ்டம்.

மூன்றாம் மாடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு. இருக்கும் ஒரே படுக்கையறை அக்காவுக்கும், அவள் வயலினுக்கும், கத்தை கத்தையான தாள்களுக்கும். எனக்குக் கூடம். கூடமும் சமையலறையும் ஒன்றுதான். நடுவில் சுவர் எழுப்ப யாருக்கோ சோம்பல். ஃபிரிட்ஜ், முன்பு குடியிருந்தவர்கள் தூக்க முடியாமல் விட்டுப் போனது. கதவு ரப்பர் தளர்ந்துவிட்டதால் அது ஓய்வதே அபூர்வம். நான் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். நாள் முழுக்கக் கன்னம் வீங்கியவர்களைச் சமாதானப்படுத்திவிட்டு வந்து படுத்தால், தலைமாட்டில் இது உறுமிக்கொண்டிருக்கும். வேறு வாங்கலாம் என்று நான் சொல்லாத மாதம் கிடையாது.

அக்கா பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். வருடக்கணக்காகச் சின்னப் பிள்ளைகளுக்கு அடுத்தவர்கள் எழுதிய பாட்டையே சொல்லிக்கொடுத்தவள், நாற்பதைத் தொடும்போது தனக்கென்று ஒன்று வேண்டும் என்று மேற்படிப்பில் சேர்ந்துவிட்டாள். அந்தப் படிப்பின் கடைசிப் பருவத்தில் ஆளாளுக்கு ஒரு சொந்தப் படைப்பு செய்ய வேண்டும். தானே திட்டம் எழுதி, ஒப்புதல் வாங்கி, ஆள் சேர்த்து, ஒத்திகை பார்த்து, தேர்வாளர் முன்னால் நிகழ்த்திக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடம் கொடுத்த விடுப்பும் அந்தப் பருவத்தோடு சரி. "இது நடக்கலேன்னா திரும்பப் போய் அதே பாட்டச் சொல்லிக் குடுக்கறதுதான். அதுக்கப்புறம் எதையும் எழுத மாட்டேன்டி" என்றாள். அவள் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை.

படைப்பின் பெயர் 'காத்திருக்கும் அறை'. எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் என்னைக் கூட்டிப்போக வந்தவள், வரிசையாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு வைத்த பெயர். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா வயலின், அவளோடு படிக்கும் ஒருவன் செல்லோ என்கிற பெரிய வயலின் (அவனுடைய உயரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் நெட்டை), மூன்றாவதாக ஒரு பாட்டுக்காரி, வார்த்தை இல்லாமல் குரல் மட்டும். திட்டத்தில் ஒரு நிபந்தனையை அக்காவே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: மின்சாரத்தில் ஓடும் எதையும் வாசிக்க மாட்டோம். மைக் கூடக் கிடையாது. அதில் அவளுக்கு ஏகப் பெருமை.

கல்லூரியில் பயிற்சி அறைக்கு எப்போதும் அடிதடி. அதனால் ஒத்திகை எங்கள் வீட்டில். நெட்டையின் செல்லோ உறை குளியலறைக் கதவை மறித்துக்கொண்டு நிற்கும். சாப்பாட்டு மேசைதான் அக்காவுக்கு எழுதும் மேசை, என் கட்டில்தான் பாட்டுக்காரிக்கு ஆசனம். கைபேசியில் பதிவு செய்து அனுப்பியதைக் கேட்டுவிட்டு அக்காவின் கைடு, அவள் படைப்புக்கு வழிகாட்டும் பேராசிரியர், ஒப்புதல் கொடுத்துவிட்டார். அடியில் ஓடும் அந்த நிதானம்தான் தனக்கு ரொம்பப் பிடித்தது என்று எழுதியிருந்தார். நெட்டை அது தன்னைப் பற்றி என்றான். பாட்டுக்காரி தன்னைப் பற்றி என்றாள். அக்கா இரண்டு பேரையும் விட்டுக்கொடுக்காமல் சிரித்து வைத்தாள்.

பிறகு கல்லூரி அரங்கத்தில் முதல் ஒத்திகை. நான் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அங்கே இருந்த பியானோவோடு சுருதி சேர்த்துக்கொண்டு வாசித்தார்கள். பள்ளிக்கூடப் பாட்டுக் குழுவில் உதட்டை மட்டும் அசைக்கச் சொல்லி நிறுத்தி வைக்கப்பட்ட எனக்கே ஏதோ இடறியது. ஒரு தப்பும் இல்லை. ஆனால் பொத்தான் போடாத சட்டை மாதிரி எதுவும் எதோடும் சேரவில்லை. கைடு முகத்தைச் சுளித்தார்.

"வீட்டுப் பதிவுல கேட்டது இது இல்ல. என்ன மாத்தினீங்க?"

எதையும் மாற்றவில்லை என்றாள் அக்கா. உண்மையும் அதுதான்.

அதற்கப்புறம் நடந்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. நாற்காலிகளை நெருக்கிப் போட்டார்கள், தள்ளிப் போட்டார்கள். திரையை இழுத்தார்கள், விலக்கினார்கள். நெட்டை தந்திகளை மாற்றினான். பாட்டுக்காரி தன் தொண்டைமேல் சந்தேகப்பட்டு வெந்நீரும் கையுமாக அலைந்தாள். வீட்டில் வாசித்தால் பழையபடி உட்காருகிறது. அரங்கத்துக்குப் போனால் கழன்றுவிடுகிறது. அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன கேட்டது, எங்கே இடறியது என்று என்னையே பிடித்து விசாரிக்கும் நிலைக்கு வந்துவிட்டாள். என் காதை நம்பி ஒரு இசைப் படிப்பு!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போது, ஃப்ரீசரில் மலையாகக் கட்டியிருந்த ஐஸைக் கரைக்க நான் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். பாட்டுக்காரியின் குரல் சறுக்கியது. நெட்டை நிறுத்திவிட்டுத் தன் கையையே பார்த்தான். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"என்னடி பண்ணின?"

ஐஸ் கரைக்கிறேன், அது ஒரு குற்றமா என்றேன். திரும்பச் சொருகச் சொன்னாள். சொருகினேன். அது கொஞ்சம் யோசித்துவிட்டு உறுமத் தொடங்கியது. மூவரும் வாசித்தார்கள், பொத்தான்கள் எல்லாம் தானாகப் போட்டுக்கொண்டன. பிடுங்கச் சொன்னாள், கழன்றது. சொருகச் சொன்னாள்; சேர்ந்தது. தரையெல்லாம் தண்ணீர். அக்கா அதில் மண்டியிட்டு ஃபிரிட்ஜ் கதவில் காதை வைத்தாள். அந்த ஒலிக்குத் தன் வயலினைப் பொருத்திப் பார்த்தாள். சரியாக இருந்தது. பிறகு கைபேசியில் பியானோ கட்டைகளைத் தட்டித் தேடினாள். அந்தச் சுருதி எந்தக் கட்டையிலும் இல்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது.

என்னைப் போன்ற செவிட்டுக் காதுக்காரர்கள் இப்படி ஏமாந்திருக்க மாட்டார்கள். இவர்கள் மூவருக்கும் காது அத்தனை கூர்மை. தங்களுக்கே தெரியாமல் மாதக்கணக்காக ஃபிரிட்ஜோடு சுருதி சேர்த்து வாசித்திருக்கிறார்கள். அக்கா எழுதியதும் அதன் மேல் உட்காரும்படிதான். அபூர்வமாக அது ஓயும்போதெல்லாம், இன்றைக்குச் சரியாக வரவில்லை, போதும் என்று எழுந்திருக்கிறார்கள். நெட்டை தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

ஃபிரிட்ஜை அரங்கத்துக்குத் தூக்கிப் போகலாம் என்றான் நெட்டை. தூக்கிப் போனால் அதுவும் ஒரு வாத்தியமாகிவிடும், நிபந்தனை உடைந்துவிடும். அடியில் ஒரு தம்புராவைச் சேர்த்துத் திட்டத்தை மாற்றி எழுதலாம் என்றேன் நான். மாற்றினால் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும், பருவம் முடிந்துவிடும். அக்கா நேராகக் கைடிடம் போய், மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நிகழ்ச்சியை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டாள்.

"அத நாங்க வாசிக்கல சார். அது அங்க இருக்கு. அரங்கத்துல ஃபேன் ஓடற மாதிரி."

தேர்வாளர் என்ன சொல்வாரோ, அது உங்கள் பாடு என்று அவர் கையைக் கழுவிக்கொண்டார். வந்து பார்க்க மட்டும் சம்மதித்தார்.

ஒரே பயம், நடுவில் அது ஓய்ந்துவிட்டால்? நான் திடீர் திடீரென்று பிளக்கைப் பிடுங்க, அவர்கள் விடாமல் வாசித்துப் பழகினார்கள். ஒருமுறைகூட முழுதாகத் தாங்கவில்லை. கடைசியில் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. ஃபிரிட்ஜ் பக்கத்தில் நிற்பது. ஓய்ந்தால் கதவைத் திறந்து குமிழைத் திருகி ஓடவைப்பது.

அன்றைக்குக் கைடு சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், அளந்து பேசும் ஓர் அம்மாள், என் கட்டிலில் உட்கார்ந்தார். விரிப்பை நான் நாலு தடவை இழுத்து விட்டிருந்தேன். வாசிப்பு தொடங்கியது. ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கும் முகங்களெல்லாம் எனக்குக் கண்முன் வந்தன. கதவைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக அவர்கள் உட்கார்ந்திருப்பது அப்படியே அதில் இருந்தது.

பாதி தாண்டியதும் ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஓய்ந்தது.

என் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது. அக்கா வயலின் வில்லை நிறுத்தாமல் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம். பைத்தியமா இவளுக்கு என்று இருந்தது எனக்கு. ஆனாலும் கையை எடுத்தேன். அறை சட்டென்று பெரிதாகிவிட்டது. பாட்டுக்காரியின் குரல் லேசாக நடுங்கி நிலைத்தது. நெட்டை கண்ணை மூடிக்கொண்டான். அடியில் ஒன்றுமே இல்லாமல் மூவரும் போய்க்கொண்டே இருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு ஃபிரிட்ஜ் தானாக உறுமத் தொடங்கியது. அவர்கள் ஒரு இம்மியும் நகரவில்லை. அது வந்து அவர்கள் அடியில் பொருந்திக்கொண்டது.

முடிந்ததும் தேர்வாளர் அம்மாள் எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் தொட்டுப் பார்த்தார்.

"நடுவுல ஓய்ஞ்சுதே, அது நீங்க எழுதினதா?"

இல்லை, தானாக ஓய்ந்தது, அப்படி ஆகிவிடுமோ என்றுதான் பயந்துகொண்டிருந்தோம் என்றாள் அக்கா. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

"பின்ன ஏன் தங்கச்சிய வேணாம்னு தடுத்தீங்க?"

அக்கா வயலினைக் கீழே வைத்தாள். "அது இல்லாம நாங்க இருப்போமான்னு எனக்குத் தெரியல மேடம். தெரிஞ்சுக்கணும்னு தோணிடுச்சு."

அந்த அம்மாள் கைடைப் பார்த்தார். பிறகு அக்காவிடம், பட்டத்துக்கு இது போதும், ஆனால் இதோடு நிறுத்திவிட வேண்டாம் என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நானும்தான்.

எல்லோரும் போனபிறகு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஃபிரிட்ஜ் மறுபடி ஓய்ந்தது. வீடு வெறிச்சென்று இருந்ததால், என்னையறியாமல் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அக்கா அறையிலிருந்து வந்து நின்றாள். நான் சட்டென்று நிறுத்தினேன்.

"நிறுத்தாதடி. அதே சுருதிதான். இம்மி பிசகல."

அவள் போய் வயலினை எடுத்து வந்து, என் முனகலின் மேல் 'காத்திருக்கும் அறை'யின் முதல் வரியை வாசித்தாள். சோப்பு நுரைக் கையோடு, மூச்சு வாங்கினால் கெட்டுவிடுமோ என்று பயந்துகொண்டு, நான் அதைப் பிடித்தபடி நின்றேன்.