பழைய படத்தில் மாமாவின் ஊர்

சிதம்பரம் நில அளவை அலுவலகத்தில் துணி ஒட்டிய பழைய படமொன்றை விரித்தேன். அதன் வாடை எனக்குப் பழக்கமானது.

பள்ளியின் கடைசி ஆண்டில், பரங்கிப்பேட்டை வீட்டில் வெள்ளைக்காரன் காலத்து இலங்கைப் படம் இதே வாடையோடு கிடந்தது. அங்கே போர். மாமா அங்கே கடை வைத்திருந்தார். ஓர் ஊரே எரிந்ததாக வானொலி சொன்னது. அந்த ஊரின் பெயரை உம்மா படமெங்கும் விரலால் தேடினார்.

“எரிஞ்ச ஊரு இதுல இல்லவே இல்லடா. ஒன் மாமா ஊரு இங்க இருக்கு பாரு. அல்ஹம்துலில்லாஹ்!”

செய்தித்தாள் வரைபடத்தில் எரிந்த ஊர் ஒரு குளத்தின் வளைவில் இருந்தது. பழைய படத்தில் அதே வளைவில் மாமாவின் ஊர். இடையில் ஊரின் பெயரை மாற்றிய அரசிதழை எங்கள் வீட்டுக்கு யாரும் அனுப்பவில்லை.

செய்தித்தாளை ஒளித்துவைத்தேன்.

சிதம்பரத்துப் படத்தைச் சுருட்டி வைத்தேன். பணிக்காலம் முழுக்கப் பிறர் படங்களில் பிழை திருத்தினேன். மாமாவின் கடிதம் வராமலே போனபோதும் உம்மா அந்தப் படத்தையே நம்பினார். அதை மட்டும் நான் திருத்தவில்லை.