கம்பெனி வயசு

டாக்டரின் கையில் இருந்த அந்தக் கறுப்புக் கால்குலேட்டர் இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது. "வயசு?" என்று அவர் கேட்டார். காய்ச்சல் நடுக்கத்தில் கட்டிலில் கிடந்த பெரியம்மா வாய் திறக்கும் முன்பே, கம்பெனியிலிருந்து கூட வந்திருந்த ஃபோர்மேன் அண்ணாச்சி, "அம்பத்து நாலுங்க" என்றார். டாக்டர் பட்டனைத் தட்டினார்.

அது கம்பெனிக்குக் கொடுத்த வயசு. என் அம்மாவுக்கு அப்போது அறுபத்தொன்று. அவளைவிட ஆறு வயது மூத்தவள் பெரியம்மா. ஐம்பத்தெட்டு ஆனால் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் நிறுத்திவிடுவார்கள் என்று, சேரும்போதே வயதைக் குறைத்துக் கொடுத்திருந்தாள். 'தங்கச்சிக்கே தங்கச்சி ஆகிட்டியே' என்று வீட்டில் கேலி செய்வோம். பெரியப்பா போன பிறகு அந்த வேலைதான் அவளுக்குச் சோறு. எழுந்து போனால் பின்னுகிற சரவெடி குறைந்துவிடும் என்று பகலெல்லாம் தண்ணீரே குடிக்கமாட்டாள். அதில்தான் சிறுநீரில் சீழ் பிடித்து, தீபாவளி சீசன் நடுவில், கம்பெனி ஜீப்பிலேயே விருதுநகர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரும்படி ஆயிற்று.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "இந்த ஊசி மருந்து கிட்னி வழியாத்தாம்மா வெளியேறணும். கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுன்னு வயசு, எடை, ரத்தத்துல இருக்கிற கிரியாட்டினின் உப்பு, இதையெல்லாம் வச்சுக் கணக்குப் போடுறேன். அளவு கூடிட்டா கிட்னி கெட்டுப்போகும், காதும் கேக்காமப் போகலாம்."

நான் டாக்டர் பக்கம் ஓர் அடி நகர்ந்தேன். பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, அண்ணாச்சி நிக்காக. வாயத் தொறந்திராத." அவள் மூச்சு என் காதில் சுட்டது. சொன்னால் வேலை போகும்; சொல்லாவிட்டால் ஆளே போய்விடுவாளோ என்று பயம். அண்ணாச்சி கொஞ்சம் வெளியே போகமாட்டாரா என்று வாசலைப் பார்த்தேன். அவர் பாவம், அக்கறையோடு கால்மாட்டிலேயே நின்றார். அதற்குள் நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டார்.

"அறுபத்தேழு டாக்டர்! அறுபத்தேழு!" வார்டே திரும்பிப் பார்க்கும்படி அலறினேன்.

டாக்டர் நர்ஸைக் கைகாட்டி நிறுத்தினார். மறுபடியும் பட்டன்களைத் தட்டி, உதட்டைப் பிதுக்கினார். அளவைக் குறைத்து, அடுத்த ஊசியையும் தள்ளிப் போடச் சொன்னார். அண்ணாச்சி மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிழைத்தாள், கிட்னியும் காதும் தப்பின. கம்பெனியில் யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. "நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா" என்றார்கள், அதோடு கூப்பிடவே இல்லை. எங்கள் வீட்டிலேயே வந்து தங்கியவள், பொங்கல் வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன மாதம் அவளுக்கு மறுபடியும் அதே காய்ச்சல். இப்போதைய டாக்டர் சின்னப் பெண். செல்போனிலேயே கணக்குப் போடுகிறாள். "பாட்டிக்கு வயசு?" என்று கேட்டதும் என்னையறியாமல் வாசலைப் பார்த்தேன். பெரியம்மா என் விலாவில் இடித்தாள்.

"சத்தமாச் சொல்லுட்டி. இனிமே என்னைய எவன் நிப்பாட்டப் போறான்?"